ஒரு கரண்டி டீசலும் ஒரு ஃபேன் கண்டென்சரும்: மென்படலம் என்றால் என்ன?

மண்டபம் படகுத்துறையில் விசைப்படகுகள் கரைக்கு வந்து கட்டியபிறகு தண்ணீரைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? படகுகளுக்கு இடையில் மயில்கழுத்து நிறத்தில் ஏதோ விரிந்து கிடக்கும். பச்சை, ஊதா, செம்பு நிறம், அதைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம். அலை லேசாகத் தட்டினால் நிறங்கள் இடம் மாறும். சின்ன வயதில் நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மாமா வலையை உதறிக்கொண்டே, "என்னடா மாப்ள, தண்ணிக்குள்ள அப்படி என்ன தெரியுது?" என்பார். "டீசல் மாமா" என்றால், "அதுதான் தெனமும் கெடக்கே" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த டீசலுக்கு நிறம் எங்கிருந்து வந்தது? கேனில் இருக்கும்போது அது வெறும் வெளிறிய மஞ்சள் எண்ணெய். தண்ணீர் மேல் விழுந்ததும் மயில் கழுத்தாகிறது. அதில் எந்தச் சாயமும் கலக்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்று, தடிமன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கரண்டி, அதாவது 5 மில்லி டீசல் கொட்டி, அது 10 சதுர மீட்டருக்குப் பரவுகிறது என்று வையுங்கள். ஒரு சின்ன அறையின் தரை அளவுதான். அப்போது அதன் தடிமன் அரை மைக்ரான். மைக்ரான் என்ற சொல் நமக்குப் புதிது கிடையாது. 120 மைக்ரானுக்குக் குறைவான கேரி பேக் கூடாது என்ற விதி வந்தபோது ஊரெல்லாம் பேசிய அதே மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதையும் ஆயிரமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். அரை மைக்ரான் என்றால் 500 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. டீசலின் தடிமனும் ஒளியின் அளவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிட்டன. வேடிக்கை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டீசலின் மேற்பரப்பில் பட்டு கொஞ்சம் ஒளி திரும்புகிறது. மீதி உள்ளே போய், அடியில் தண்ணீரைத் தொடும் இடத்தில் இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. இரண்டும் சேர்ந்துதான் நம் கண்ணுக்கு வருகின்றன. இரண்டாவது ஒளி கூடுதல் தூரம் போய் வந்திருப்பதால், சில நிறங்களுக்கு இரண்டு அலைகளும் கைகோத்துக்கொள்ளும், சில நிறங்களுக்கு ஒன்றையொன்று அழித்துவிடும். எது வாழும் எது அழியும் என்பதைத் தடிமன் முடிவு செய்கிறது. பாடப்புத்தகம் இதைக் குறுக்கீட்டு விளைவு என்கிறது. வட கடலைச் சுற்றியுள்ள ஐரோப்பிய நாடுகள் பான் உடன்படிக்கை என்று ஒன்று வைத்திருக்கின்றன. கடலில் எண்ணெய் சிந்தினால் விமானத்திலிருந்து நிறத்தைப் பார்த்தே தடிமனைக் கணிக்க அதில் ஓர் அட்டவணை உண்டு. வெள்ளிச் சாம்பலாகத் தெரிந்தால் 0.04 முதல் 0.3 மைக்ரான். வானவில் நிறம் என்றால் 0.3 முதல் 5 மைக்ரான். உலோகம்போல் பளபளத்தால் 5 முதல் 50. நான் படகுத்துறையில் வேடிக்கை பார்த்த நிறம், அவர்களுக்கு ஓர் அளவுகோல்.

இப்படி மிக மெல்லியதாக ஒரு பரப்பின் மேல் படிந்திருக்கும் அடுக்குக்குப் பெயர்தான் மென்படலம். கல்லூரியில் எல்லாரும் 'தின் ஃபிலிம்' என்றுதான் சொல்வோம். ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனிலிருந்து சில மைக்ரான் வரை இந்தப் பெயர் போகும். தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். அதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு பொருளைச் சீவிச் சீவி மெலிதாக்கினால் அதே குணம் கொஞ்சமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உப்பு, புளி மாதிரி தடிமனும் ஒரு சேர்மானம். கூட்டினாலோ குறைத்தாலோ பொருளின் நிறமும் மாறும், மின்சாரம் கடத்தும் விதமும் மாறும்.

இயற்கைக்கு இது எப்போதோ தெரியும். மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியை உடைத்து உட்புறத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், அதே மயில்கழுத்து. சிப்பி சுண்ணாம்பைத் தகடு தகடாக அடுக்கி, நடுவில் புரதத்தைப் பசைபோல வைத்து ஒட்டுகிறது. ஒவ்வொரு தகடும் அரை மைக்ரானுக்குப் பக்கம். கீழக்கரை வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக விலை பேசிய அந்தப் பளபளப்புக்கு இந்த அடுக்குதான் முதலீடு.

மனிதர்கள் இதைக் கையில் எடுத்த கதையில் எனக்குப் பிடித்தவர் ஆக்னஸ் பாக்கல்ஸ். ஜெர்மனியில் அன்று பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். அவர் வீட்டில் பாத்திரம் கழுவும்போது தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கத் தொடங்கி, ஒரு தொட்டியும் நகரும் தகடும் வைத்து அளக்கவே ஆரம்பித்துவிட்டார். 1891இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது. அந்த வழியில் வந்தவர் அமெரிக்க விஞ்ஞானி காத்தரின் பிளாட்ஜெட். ஒரு மூலக்கூறு தடிமன் உள்ள படலத்தைத் தண்ணீரிலிருந்து கண்ணாடிக்கு மாற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக 44 அடுக்கு ஏற்றி, ஒளியைப் பிரதிபலிக்காத கண்ணாடியை 1938இல் செய்து காட்டினார். இன்று செல்போன் கேமரா லென்சைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதா அல்லது பச்சைச் சாயல் அதே தந்திரத்தின் பேரப்பிள்ளை.

மாடியில் இருக்கும் சோலார் பலகை ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கும் பதில் இதுதான். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபிறகு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் சோலார் பலகையைப் பார்க்காத ஆள் குறைவு. வெறும் சிலிக்கான் சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல் மினுங்கும். விழும் ஒளியில் 30 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பினால் மின்சாரம் எப்படி வரும்? அதனால் அதன் மேல் சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருளை 75 நானோமீட்டர் அளவுக்குப் பூசுகிறார்கள். ஏன் சரியாக 75? வெயிலில் வலுவாக இருக்கும் 600 நானோமீட்டர் பக்கத்து ஒளி பலகையிலிருந்து திரும்பி வராமல் அழிய வேண்டும். 600ஐ நாலால் வகுத்து, அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண்ணான (அதற்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற எண்) 2ஆல் மறுபடி வகுத்தால் 75. கணக்குக்குள் மாட்டாமல் கொஞ்சம் தப்பித்து வருவது நீலம். நாம் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான்.

சரி, இதுவரை ஒளியைப் பற்றியே பேசிவிட்டேன். மின்சாரத்துக்கு வருவோம். அதற்குக் கீழக்கரையில் உள்ள ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போக வேண்டும்.

கடற்கரை ஊர்களில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவது ஊர்க்கதை. "காக்கா, காத்தாடி ஆமை மாதிரி சுத்துது" (கீழக்கரையில் அண்ணனுக்குக் காக்கா என்று பெயர்) என்று போய் நின்றால், கடைக்காரர் தலை நிமிராமலே "கண்டென்சர் போயிருக்கும், ரெண்டரை எடுத்துட்டுப் போ" என்பார். கண்டென்சர் என்பது மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் உறுப்பு, ரெண்டரை என்பது அதன் கொள்ளளவு, 2.5 மைக்ரோஃபாரட். கழற்றிய பழைய கண்டென்சரை மீட்டரில் வைத்தால் ஒன்றரையோ அதற்கும் கீழேயோ காட்டும். ஒருநாள் அப்படி ஒன்றை வாங்கிவந்து அறுத்துப் பார்த்தேன். (நீங்கள் செய்வதாக இருந்தால் முதலில் இரண்டு ஒயரையும் ஒன்றாகத் தொடவைத்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். நான் செய்யவில்லை, விரல் இரண்டு நாள் ஞாபகம் வைத்திருந்தது.)

உள்ளே இருந்தது, வெள்ளி ஜரிகைபோல் இறுக்கிச் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் நாடா. இழுக்க இழுக்கப் பல மீட்டர் வந்துகொண்டே இருந்தது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக், சில மைக்ரான் தடிமன். அதன் மேல் ஏறியிருக்கும் அலுமினிய அல்லது துத்தநாகப் பூச்சு சில பத்து நானோமீட்டர்தான். ட்யூப் லைட்டுக்கு முன்னால் பிடித்தால் அதன் வழியே வெளிச்சம் மங்கலாகத் தெரியும். உலோகத்தின் வழியே ஒளி ஊடுருவிப் பார்த்தது அன்றுதான். கண்டென்சர் கிடைக்காதவர்கள் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து, உட்புறப் பளபளப்பை செல்போன் டார்ச்சுக்கு முன் பிடித்துப் பாருங்கள், அதுவும் இதே சாதிதான்.

நாடாவில் ஆங்காங்கே ஊசி குத்தியதுபோல உலோகமே இல்லாத புள்ளிகள் இருந்தன. முதலில் கோளாறு என்று நினைத்தேன். உண்மையில் அதுதான் இந்தப் படலத்தின் கெட்டிக்காரத்தனம். பிளாஸ்டிக்கில் எங்கேயாவது பலவீனமான இடம் இருந்து மின்சாரம் துளைத்துக்கொண்டு பாய்ந்தால், சுற்றியுள்ள மெல்லிய உலோகம் அந்தச் சூட்டில் கணத்தில் ஆவியாகிவிடும். துளையைச் சுற்றி உலோகம் இல்லை என்றால் ஷார்ட்டும் இல்லை. புண் தானாக ஆறிவிடுகிறது. தடித்த தகடாக இருந்தால் உருகி ஒட்டி மொத்தமும் எரிந்திருக்கும். மெலிந்து இருப்பதே இங்கே பாதுகாப்பு. ஆனால் நம் ஊர் ஈரக்காற்று உறைக்குள் கசிந்தால் அதே மெலிவு எமனாகிறது. அரிப்பு ஓரத்திலிருந்து உலோகத்தைத் தின்றுகொண்டே வரும், கொள்ளளவு குறையும், ஃபேன் ஆமையாகும். பாலத்துக் கம்பியில் மேலே ஒரு மைக்ரான் அரித்தால் யாருக்கும் தெரியாது. இங்கே மொத்தப் பொருளே அதில் சில பத்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு மெல்லியதாக எப்படிப் பூசுவது? பிரஷ் எடுத்தால் நடக்காது. பழைய, எளிய வழி ஆவியாக்கிப் படியவைப்பது. குழம்புச் சட்டியின் மூடியில் ஆவி முத்து முத்தாகப் படிவதுபோல, உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, மேலே வைத்த கண்ணாடியில் படியவிடுவது. ஒரே நிபந்தனை, இடையில் காற்று இருக்கக் கூடாது. ஆடி அமாவாசை அன்று ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் ஓடிப் பாருங்கள், இரண்டடிக்கு ஒருவர் மேல் மோதுவீர்கள். சாதாரணக் காற்றில் ஓர் அணுவின் நிலைமையும் அதுதான், 70 நானோமீட்டர் போவதற்குள் ஒரு மோதல். காற்றை உறிஞ்சி அழுத்தத்தைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், அதே அணு மோதாமல் பல மீட்டர் போகும். ஆளில்லாத நேரத்து தனுஷ்கோடி ரோடு மாதிரி. இதைத் தவிர ஆர்கான் வாயுவின் அயனிகளால் (மின்னேற்றம் பெற்ற அணுக்களால்) உலோகத் தகட்டை அடித்து அணுக்களைச் சிதறவைக்கும் முறை, வாயுக்களைச் சூடான பரப்பில் வினைபுரியவிடும் முறை, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் என்று அணு அடுக்காக எண்ணி ஏற்றும் முறை எல்லாம் உண்டு. மின்முலாம் பூசுவதும் ஒரு வழி. எங்களுக்குப் பக்கத்தில் காரைக்குடியில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் வாயில் 'சிக்ரி', மின்வேதி முறையில் படலம் படியவைப்பதில் பெயர் பெற்றது. மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு சோதனை நிலையமும் உண்டு. உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் கடல்காற்றுக்கு விட்டு எது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு இதைவிடக் கொடிய காற்று வேறு எங்கே கிடைக்கும்!

படலம் வளரும் விதத்தைப் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டாம், வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தி போதும். வெயில் ஏறினதும் உப்பு ஒரே விரிப்பாக வந்துவிடுவதில்லை. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொடிப் பொடிப் படிகம். அவை பெருத்து, பக்கத்தில் உள்ளதைத் தொட்டு, கடைசியில் ஏடு கட்டும். கண்ணாடி மேல் தங்கம் படியும்போதும் கதை இதேதான். தொடக்கத்தில் உருவாகும் திட்டுகளை இந்தத் துறையில் தீவுகள் என்றே சொல்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் வரிசையாகத் தீவுகள் இருந்தாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது இல்லையா? தங்கத் தீவுகளும் தனித்தனியாக இருக்கும்வரை மின்சாரம் போகாது. இன்னும் கொஞ்சம் படிந்து தீவுகள் கைதொட்டதும், திடீரென்று பாதை திறக்கும். சில நானோமீட்டர் வித்தியாசத்தில் கடத்தாத தங்கம் கடத்தும் தங்கமாகிவிடுகிறது.

தீவு எங்கே முளைக்கும், எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்பதெல்லாம் அடித்தளத்தின் சுத்தத்தைப் பொறுத்தது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் என் வேலை, துத்தநாக ஆக்சைடு படலம். துத்தநாக உப்புக் கரைசலை நானூறு டிகிரி சூட்டில் இருக்கும் கண்ணாடித் துண்டின் மேல் தெளிக்க வேண்டும், கரைசல் பட்ட இடத்தில் சிதைந்து ஆக்சைடாகப் படியும். செலவு குறைந்த முறை, கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு வரப்பிரசாதம். அவசரத்தில் ஒரு கண்ணாடித் துண்டை அசிட்டோனில் கழுவாமலே வைத்துவிட்டேன். படலம் அழகாகத்தான் வந்தது. கைடு வந்து செலோடேப்பை ஒட்டிச் சர்ரென்று உரித்தார். படலம் பிடிக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க இருக்கும் சோதனை அதுதான். டேப்போடு ஒரு துண்டு வந்துவிட்டது. கண்ணாடியில் மிச்சம் இருந்த வெற்றிடத்தில் ரேகை ரேகையாக என் கட்டைவிரல். "கையெழுத்துப் போட்டுட்டீங்க போல தம்பி" என்றார். அதற்கப்புறம் கையுறை இல்லாமல் கண்ணாடியைத் தொட்டதில்லை.

இனி உங்கள் கையில் இருக்கும் செல்போன். அதில் பல முக்கியமான வேலைகளைச் செய்வது மென்படலங்கள்தான். தொடுதிரையில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற படலம், நூறு இருநூறு நானோமீட்டர். கண்ணாடிபோல் ஒளியை விடும், உலோகம்போல் மின்சாரத்தையும் விடும். இரண்டு குணமும் ஒரே பொருளில் சேருவது அபூர்வம். விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தின் மின்கொள்ளளவு மாறுவதை வைத்துத்தான் தொட்டது எங்கே என்று போன் கண்டுபிடிக்கிறது. கடலில் ஈரக்கையோடு போனை எடுத்தால் அது பேய் பிடித்ததுபோல் தானாக ஓடுவதற்கும் இதுவே காரணம். உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும், ஒவ்வொரு துளியையும் திரை ஒரு விரல் என்று நினைத்துக்கொள்கிறது. இண்டியம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதனால் அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு போன்ற மலிவான மாற்றுகளைத் தேடும் ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. என் கட்டைவிரல் ரேகையிடம் மாட்டிக்கொண்டதும் அந்தப் பொருளின் உறவுக்காரன்தான்.

தொடுதிரைக்குக் கீழே படம் காட்டும் பகுதி. 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையில், புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வைத்துப் பெருக்கினால் 62 லட்சம். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சாவது வேண்டும். அந்தச் சுவிட்சுதான் மென்படல டிரான்சிஸ்டர், 1962இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தில் பால் வைமர் முதன்முதலில் செயல்பட வைத்தது. படகில் உள்ள ஜிபிஎஸ் திரையிலும், மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் திரையிலும் அதன் வாரிசுகள்தான். ஓஎல்இடி திரையில் ஒளி தருவதே ஒரு கரிம (கார்பன் சார்ந்த) படலம். 1987இல் கோடாக் ஆய்வாளர்கள் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் செய்து காட்டிய விளக்கில் இருந்த இரண்டு கரிமப் படலமும் சேர்ந்தே 135 நானோமீட்டர். இந்தக் கரிமப் படலத்துக்கு ஈரம் ஜென்மப் பகை. நீராவி நுழைந்தால் கரும்புள்ளி விழும். அதனால் அதைக் காப்பாற்ற மேலே இன்னும் சில படலங்கள்.

மெலிவுக்கும் ஓர் எல்லை உண்டு. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரில் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சிலிக்கா படலத்தை வருடா வருடம் மெலிதாக்கிக்கொண்டே போய், 1.2 நானோமீட்டருக்கு வந்து நின்றார்கள். நாலைந்து அணு அடுக்குதான். அந்த அளவில் எலக்ட்ரான்கள் சுவரைத் துளைக்காமலே அந்தப் பக்கம் போய்விடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுபோல் மின்சாரம் கசிந்து சிப் சூடாகியது. கடைசியில் சிப் செய்யும் இன்டெல் நிறுவனம் 2007இல் ஹாஃப்னியம் என்ற உலோகம் சேர்ந்த வேறு பொருளுக்கு மாறியது. அதைக் கொஞ்சம் தடிமனாக வைத்தாலும் அதே வேலையைச் செய்யும்.

சோலாரிலும் மென்படல வகை தனியாக உண்டு. சாதாரணச் சிலிக்கான் தகடு நூற்றைம்பது மைக்ரான் அளவில் இருக்கும். காட்மியம் டெல்லுரைடு என்றால் சில மைக்ரான் போதும், அது ஒளியை அவ்வளவு வேகமாக விழுங்கிவிடும். ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் திறந்த ஆலை இந்த வகையைத்தான் செய்கிறது.

எனக்கு நெருக்கமான கடைசிப் பயன் ஒன்றைச் சொல்கிறேன், வாயு உணரி. டின் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு படலங்களைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால், காற்றில் உள்ள ஆக்சிஜன் அவற்றின் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். அதனால் மின்தடை ஏறும். கேஸ் கசிவோ அமோனியாவோ வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரானை விடுவித்துவிடும், மின்தடை இறங்கும், மணி அடிக்கும். படலம் மெல்லியதாக இருந்தால் கிட்டத்தட்ட மொத்தப் பொருளும் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் சின்ன வாசனைக்கும் பெரிய மாற்றம். கடல்மீன் கெடும்போது பாக்டீரியாக்கள் டிரைமெதிலமைன் என்ற வாயுவை உண்டாக்கும், அந்த மீன் கவிச்சி அதுதான். அதை மோப்பம் பிடிக்கும் படலங்களைச் செய்ய ஆய்வுகள் நிறைய நடக்கின்றன.

இதில் உள்ள தலைவலி, நீராவியும் அதே மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வது. குளுகுளு ஆய்வுக்கூடத்தில் சரியாக அளந்த உணரி, பாம்பன் காற்றில் வேறு எண்ணைச் சொல்லும். ஈரத்தைத் தனியாக அளந்து கழித்துப் பார்க்கிறார்கள், வேறு பொருள் கலந்து பார்க்கிறார்கள், முழுதாகத் தீர்ந்தபாடில்லை. நான் இதையெல்லாம் அம்மாவிடம் ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடையில் இருந்த ஊளி மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கிக் காட்டி, "செவப்பா இருக்கா, வாங்கு" என்றார்.